அட்டையில் இரண்டு பேர்

"அந்தப் புத்தகத்தை மூடு க்ளேட்டன். ஊரே பார்க்குது."

"பார்க்கட்டுமே நோரீன். ரெண்டு பேரும் இப்பதான் மனசு விட்டுப் பேசறாங்க. இங்க போய் எப்படி நிறுத்தறது?"

பிள்ளைகளின் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் முதல் இடைவேளை. கீழே வண்டி பனியை வழித்துச் சீராக்கிக்கொண்டிருந்தது. கனடாவின் சஸ்காட்சவன் குளிருக்குக் காபியோடு கொஞ்சம் வம்பும் இருந்தால்தான் எங்கள் ஊர்ப் பெற்றோருக்கு உடம்பு சூடாகும்.

இன்றைக்கு வம்பு, க்ளேட்டன் கையிலிருந்த நாவல். அட்டையில் ஹாக்கிச் சட்டை போட்ட இரண்டு ஆண்கள் மூக்கோடு மூக்கு உரச நின்றார்கள். மட்டைக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை ஒட்டி அவன் மனைவி நோரீன் அதை மறைத்துத்தான் வைத்திருந்தாள். அவன் பொறுமையாக உரித்து எறிந்துவிட்டான்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நண்பன் டக் திரும்பினான்.

"என்னப்பா, ஒரு காலத்துல எதிராளி பல்லையெல்லாம் பேத்தவன் நீ. இப்ப காதல் கதை படிச்சு மூக்கை உறிஞ்சற?"

"ரொம்ப நல்லா இருக்குடா. முடிச்சிட்டுத் தரவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நோரீன் காபிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஆம்பளையும் ஆம்பளையும் காதலிக்கறதெல்லாம் நம்ம ஆட்டத்துல ஏதுடா?"

"எப்பவும் இருக்கு டக். வாயைத் திறந்து சொல்ல நாமதான் விடல."

டக்குக்குச் சுருக்கென்றது.

"எழுதினவளுக்கு ஹாக்கியே தெரியாது. பனிச்சறுக்கு ஷூ பிளேடுல மாட்டின உறையைக் கழட்டாம பனியில இறங்கி, வழுக்கி, இன்னொருத்தன் மடியில போய் விழறானாம். எந்த ஆட்டக்காரன் அப்படி இறங்குவான்?"

"நான் இறங்கியிருக்கேன்" என்றான் க்ளேட்டன்.

டக்கின் மனைவி பெவர்லி தன் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உள்ள இருக்கற கதை உனக்கு எப்படித் தெரியும்? ஓகோ, என் கட்டில் பக்கத்துல இருந்த புத்தகம் காணாமப் போனது உன்னாலதானா?"

இந்த முறை சிரிப்பு கூரையைத் தொட்டது. டக்கின் காது சிவந்துவிட்டது.

"சும்மா புரட்டினேன். குப்பை. எழுதினவளுக்கே வெட்கம். அதான் சொந்தப் பேரைப் போடாம புனைபேர்ல ஒளிஞ்சிருக்கா."

க்ளேட்டன் முதல்முறையாகப் புத்தகத்தை மூடினான். வம்புச் சண்டையை ஒருநாளும் விட்டவனில்லை. இன்றைக்கு ஏனோ பல்லைக் கடித்துக்கொண்டு பனியையே பார்த்தபடி இருந்தான். யாருக்கோ கொடுத்த வாக்கைக் காப்பவன் போல, அவன் முஷ்டி மட்டும் இறுகியிருந்தது.

அந்த முஷ்டியை நோரீன் பார்த்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். அவன் மடியிலிருந்த புத்தகத்தையும் சட்டைப் பையிலிருந்த பேனாவையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அட்டையில் அச்சாகியிருந்த புனைபேரை அடித்தாள். அதன் மேல் பெரிதாக எதையோ எழுதி டக்கின் கையில் கொடுத்தாள்.

"உறையோட வழுக்கி இவன் விழுந்தது என் மடியிலதான் டக். அதைத்தான் எழுதினேன். இந்தா, என் சொந்தப் பேர்லயே வச்சுக்கோ."