இடக்கைக்காரி

முழு லட்டையும் வாயில் போட்டுக்கொண்டாள். வாய் நிறைந்திருந்தால் வாழ்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்க்கட்டிலில் சுகிர்தா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

மாட்ரிடில் ஆறு மாதப் படிப்பு. ஒரே ஒரு இடம். அது சுகிர்தாவுக்கு.

டெல்லிக்கு ஸ்பானிஷ் இலக்கியமும் ஓவியமும் படிக்க வந்த இரண்டே தமிழ்ப் பெண்கள். இரண்டு வருடமாக ஒரே அறை, ஒரே நகவெட்டி, ஒரே ஊறுகாய் பாட்டில். விண்ணப்பம் மட்டும் தனித்தனி.

இவளுக்கு வயிறு எரிந்தது. அதை நாசூக்காகச் சொல்ல ஒன்றுமில்லை. எரிந்தது.

நாகர்கோவிலிலிருந்து வந்து இறங்கியபோது சுகிர்தாவுக்கு ஸ்பானிஷில் பத்து வரை எண்ணக்கூட வராது. உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது யார்? வினைச்சொற்களை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியது யார்? இப்போது அவள் கவிதை வாசித்தால் வகுப்பே அசையாமல் கேட்கிறது. இவள் வாசித்தால், உச்சரிப்பு சுத்தம் என்கிறார் பேராசிரியர்.

சுத்தமாம்.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். ஒரே நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கவிதையும் ஒரு ஓவியமும். சொல்லிவைத்தாற்போல் இருவரும் ஒரே ஓவியத்தை எடுத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டுச் சமையலறை. மீன் செதில் சுரண்டும் ஒரு பெண்.

வகுப்பில் அந்த ஓவியப் பெண்ணுக்கு இடக்கைக்காரி என்று பெயர். திரையில் கத்தி அவளுடைய இடது கையில் இருக்கும். அந்தக் கையைப் பற்றியே பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசுவார்.

ஒரு நாள் நூலகத்தில், யாரும் தொடாத தடித்த படப் புத்தகத்தில், இவள் அதே பெண்ணைப் பார்த்தாள்.

கத்தி வலது கையில்.

துறையின் பழைய ஸ்லைடை யாரோ திருப்பிப் போட்டிருக்கிறார்கள். எத்தனை வருடமாகவோ.

தன் மதுரை ரயில் டிக்கெட்டை அந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்துப் புத்தகத்தை மூடினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. தன் கட்டுரையில் வலது கை என்று எழுதினாள்.

மறுவாரம் சுகிர்தா தன் கட்டுரையை நீட்டினாள். பிழை பார்த்துத் தரச் சொன்னாள்.

இரண்டாம் பக்கம். இடது கையில் கத்தி.

பென்சில் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு அதற்குக் கீழே இருந்த இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தியது.

நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அன்று மெஸ்ஸில் இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அப்படியும் என்ன ஆயிற்று? தப்பாக எழுதியவள் விமானம் ஏறுகிறாள். சரியாக எழுதியவள் லட்டு தின்கிறாள். தேர்வுக் குழுவில் ஒருவருக்குமா கண் இல்லை?

சுகிர்தா பையைத் துழாவி ஒரு பிரதியை எடுத்தாள். அனுப்பிய கட்டுரை. இவளுக்கென்று தனியாக அச்செடுத்து வைத்திருந்தாளாம்.

"நீ பாத்துத் தந்த பொறவு ஒரே ஒரு வார்த்தைதான் மாத்துனேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

கட்டுரை இரண்டாம் பக்கத்தில் தானாகத் திறந்துகொண்டது.

வலது கையில் கத்தி.

அந்த வரியின் மேல், மடிப்புக் கலையாமல், மதுரை ரயில் டிக்கெட்.

இவள் நிமிரவில்லை. வாயில் லட்டு அப்படியே இருந்தது.

சுகிர்தா லட்டு டப்பாவை இவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.