கூறை என்ன நிறம்

“பச்சை,” என்றார் இவர்.

நடு ஏரியில், துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைக் கட்டின மனுஷன் சொல்கிற பதில் இது.

“இஞ்சாருங்கோ, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. என்ரை கலியாணக் கூறைச் சீலை என்ன நிறம்?”

“பச்சைதானேயப்பா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவருடைய படகு அந்தப் பக்கம், என்னுடையது இந்தப் பக்கம். நடுவிலே சிவப்பு மிதவைகள் கட்டிய கயிறு. கயிற்றுக்கு அங்கால் இவருடைய மாவட்டம், இங்கால் என்னுடையது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை அவரவர் மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளிக்கிடக் கூடாது. போன மாதம் என்னைப் பார்க்க வந்த இவர் வழியிலேயே பொலிசிடம் பிடிபட்டார். இன்னொரு தரம் பிடிபட்டால் வழக்கு.

ஒரே இடத்தில் இருக்க விட்டால் என்ன என்று கேட்டால், நீங்கள் கணவன் மனைவி என்பதற்குக் காகிதம் எங்கே என்கிறார்கள். மன்னாரில் எங்கள் மாதா கோயில் எரிந்தபோது விவாகப் பதிவுப் புத்தகமும் சேர்ந்து எரிந்துவிட்டது. சாம்பலையா கொண்டுவந்து காட்டுவது?

அதனால் நாளை காலை ஒன்பது மணிக்கு இவரை அங்கேயும் என்னை இங்கேயும் இருத்தி ஒரே கேள்விகளைக் கேட்கப்போகிறார்கள். பதில்கள் ஒத்துவந்தால் சேர்ந்திருக்கலாம். ஒத்துவராவிட்டால் நான் பொய்க்காரி. கூறையின் நிறம் கட்டாயம் கேட்பார்கள் என்று, இதே விசாரணைக்குப் போய்வந்த என் முகாம் கொறற்றி அக்கா சொல்லியிருந்தா.

இவருடைய முகாமில் ஒரேயொரு தொலைபேசி. அதுவும் பழுது. அதுதான் ஆள் மூலம் சொல்லியனுப்பி இந்தப் படகு விளையாட்டு.

பூங்கா என்னவோ வடிவான பூங்காதான். என் பக்கத்துக் குன்றில், எப்போதோ செத்துப்போன ஒரு ஜனாதிபதியின் கோடைகால வீடு. இப்போது அது நூதனசாலை. கீழே ஏரி, நடைபாதை, இறைச்சி சுடுகிற புகை. இவர் வரும்வரை உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தேன். தொப்பி, கைத்தடி, மலையேறுகிற சப்பாத்து. நடுச்சுவரில் அவருடைய விவாகப் பத்திரம், கண்ணாடிச் சட்டத்துக்குள், முத்திரையோடு.

செத்த மனுஷனுக்கு அது எதற்கு? வயிறு எரிந்துகொண்டு இறங்கி வந்தேன்.

எனக்குத் துடுப்புப் பிடிக்கவும் தெரியாது. படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. இவர் முகத்தைப் பார்த்துத் தொடங்கிய கேள்வியை ஜனாதிபதி வீட்டைப் பார்த்து முடித்தேன்.

கடைசியில் இவர் எட்டி என் படகின் விளிம்பைப் பிடித்தார்.

“கையை எடுங்கோ. ஆரும் பாக்கப்போகினம்.”

“விரல்தானேயப்பா வந்திருக்கு.”

பிரித்து வைத்து எட்டு மாதம். அந்த விரல்களைப் பார்த்ததும் அழுகை வந்தது. அரைமணி நேரத்துக்குத்தான் படகு, அதில் அழுதுகொண்டிருக்க முடியுமா?

“கூறை அரக்கு. பச்சை கட்டினது என்ரை தோழி டொறத்தி.”

இவர் யோசித்தார். “அப்ப அது டொறத்தியோ?”

“கலியாணத்தண்டு முழுக்க அவளையோ பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?”

மற்றப் படகுகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் கத்தினேன். ஏழு வருடத்துக் கோபம், எல்லாம் கத்தினேன்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“உம்மைப் பாக்க வெக்கமாக் கிடந்தது.”

இதை எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது? இதற்கு எந்தப் படிவத்தில் இடம் விட்டிருக்கிறார்கள்?

அரக்கு, அரக்கு என்று இருபது தரம் சொல்ல வைத்தேன். இருபதாம் தரம் “அரக்குப் பச்சை” என்றார்.

அதற்குள் ஒலிபெருக்கியில் எங்கள் படகு எண்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். இவர் நாலே தள்ளில் அக்கரைக்குப் போய்விட்டார். நான் தட்டுத் தடுமாறி என் கரைக்கு வந்தேன்.

படகுக் கொட்டிலில் இருந்த கிழவர் கொக்கியால் என் படகை இழுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“எத்தனை வருடம்?” என்று கேட்டார்.

“ஏழு,” என்றேன் எனக்குத் தெரிந்த அரைகுறை டொச் மொழியில்.

“காது மந்தமான எனக்கே உங்கள் சண்டை கேட்டது. நானும் மனைவியும் இப்படித்தான்.”

நான் நின்றுவிட்டேன். நீங்கள் கணவன் மனைவியா என்று இந்த மனுஷன் கேட்கவில்லை. எத்தனை வருடம் என்றுதான் கேட்டார்.

படகுச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். நீங்கள் கேட்டது கணவன் மனைவிச் சண்டை என்று இதில் எழுதித் தாருங்கள் என்றேன். நேரம் குத்துகிற முத்திரை மேசையில் கிடந்தது. அதையும் குத்துங்கள் என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார். என் பெயரைக் கேட்டார்.

அகதி அட்டையில் இருப்பது அப்பாவின் பெயர். அதை நான் சொல்லவில்லை.

“திருமதி ஜேசுரட்ணம்.”

கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து என் வாயால் சொல்லாத இவர் பெயர். அலுவலகத்தில் கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவேன்.

கிழவர் காதில் கையை வைத்து, இன்னொரு தரம் என்றார்.

உரத்துச் சொன்னேன். ஏரி முழுவதும் கேட்கச் சொன்னேன். அக்கரையில், நான் கரையேறும்வரை படகிலேயே இருந்துவிட்டு அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தவர், ஒரு கால் தண்ணீரில் இருக்க, அப்படியே நின்றுவிட்டார்.