கழிவுத் தொட்டிக் காட்டேரி

ஆம்பூர் தோல் கம்பெனியின் கழிவுத் தொட்டியில் மேஸ்திரி இறங்கச் சொன்னதும், பாவம், செங்கல்வராயன் இரண்டடி பின்வாங்கினான். போன வாரம் இறங்கியவரைப் பிணமாகத்தான் தூக்கினார்கள்.

“உள்ள காட்டேரி இருக்குது, மேஸ்திரி.”

“இன்னாடா காட்டேரி? அந்தக் காலத்து லோகாயதம் பேசறானே உன் தோஸ்த் ராஜவேலு, அவனைக் கேளு. கண்ணுக்குத் தெரியாதது எதுவும் இல்லேம்பான்!”

கூட நின்ற தொழிலாளர்கள் எல்லோரும் தொட்டியோரம் நின்ற ராஜவேலுவைப் பார்த்தார்கள். வியர்த்து நின்றவன் திடீரென்று அலறி ஆடத் தொடங்கினான்.

“காட்டேரி வந்திருக்கேண்டா! எவன் இறங்கினாலும் விடமாட்டேன்!”

மேஸ்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடியேவிட்டார்.

“நெஜமாவே காட்டேரியா ராஜூ?” செங்கல்வராயன் கிட்டே வந்து கேட்டான்.

“வெஷக்காத்துடா. காலையில லாந்தரை உள்ள எறக்கினேன், பொசுக்குன்னு அணைஞ்சிடுச்சு. மேஸ்திரிகிட்ட சொன்னா, காத்து கண்ணுக்குத் தெரியுதான்னு என்னையே கேட்டுச் சிரிக்கிறாரு. வேற இன்னா பண்ணச் சொல்றே?”