ஆறு பத்து மீன்

"முதல் மீன் ஆறு பத்துக்கு," என்றார் மாமா.

விடுதி அறைக் கட்டிலில் பெரிய வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு சிப்பிகளைப் பாரமாக வைத்திருந்தார். நாளைக் காலை மீன்பிடிக்கப் போவதற்கான கால அட்டவணை அது. ரயில் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் அட்டவணை போட்ட கை. தீவுக்கு விடுமுறைக்கு வந்தபோதும் அடிக்கோலை மறக்காமல் எடுத்து வந்திருந்தார்.

மருமகன் எட்டிப் பார்த்தான். 5.20 எழுந்திருத்தல். 5.45 படகில் ஏறுதல். 6.10 முதல் மீன்.

"மீனுக்குத் தகவல் சொல்லியாச்சா மாமா? பாவம், அதுக்கு வேற ஏதாவது வேலை இருக்கப்போகுது."

"வந்துடும் மாப்பிள்ளை."

"லேட்டா வந்தா? 'தாமதத்துக்கு வருந்துகிறோம்'னு அது வாயாலயே சொல்லிடுமா?"

மருமகனின் குட்டி மகள் பாப்பா கைகொட்டிச் சிரித்தாள். மாமாவும் சிரித்தார். மருமகனின் மனைவி மட்டும் முறைத்தாள்.

மாமா அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். "படகுல நீங்க பின்பக்கம், வலது ஓரம். அந்த இடத்தை மட்டும் மாத்திக்கக் கூடாது."

"ஜன்னல் சீட்டா மாமா?"

"ஆறு அஞ்சுக்குத் தூண்டிலைப் போடணும். முன்னாடியும் வேண்டாம், பின்னாடியும் வேண்டாம்."

இரண்டாவது தாள் வெளியே வந்தது. தூண்டில் இரைக்குத் தனி அட்டவணையாம். மருமகன் சட்டென்று எழுந்தான். "ஒரு நிமிஷம் மாமா, ஆபீஸ்ல இருந்து போன்," என்று பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். "அந்த ஃபைல் என் மேஜை மேலதான் இருக்கு, கண்ணைத் திறந்து பாருய்யா!" என்று ஐந்து நிமிடம் கடலை அதட்டினான்.

அவனுடைய போன் கட்டில் ஓரத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அவன் திரும்பி வருவதற்குள் மாமா தன் தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்தார். பிறகு, விட்ட இடத்திலிருந்து இரையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார்.

சாப்பிட்டு முடித்ததும் மனைவி அவனை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள். "அப்பாவைக் கேலி பண்ணலைன்னா உங்களுக்குச் சாப்பாடு செரிக்காதா? ரிட்டயர் ஆகி ஒரு வருஷமா அந்த நாற்காலியே கதின்னு கிடந்தவர். இங்க வந்துதான் வாய்விட்டுப் பேசுறார்."

"பேசட்டும், யார் வேண்டாம்னா? மீனுக்கு நேரம் குறிக்கிறாரே, அதைத்தான் தாங்க முடியல."

"மீன் பிடிச்சுக் காட்டுறேன்னு பாப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கார். நாளைக்கு வெறுங்கையோட திரும்பினா மறுபடியும் அதே நாற்காலிதான்."

"கடல் என்ன உங்கப்பா ஸ்டேஷனா? கொடி காட்டினா கிளம்பி வர?"

"உங்களை எல்லாம் ஆபீஸ்ல எப்படித்தான் வச்சுக்கிட்டு இருக்காங்களோ! இதுல பத்து நாள் லீவு வேற."

"நான் இல்லாதப்பதான் அங்க எல்லாரும் நிம்மதியா இருக்காங்களாம்."

கடவுள் சிலருக்கு நாக்கைக் கொஞ்சம் நீளமாகப் படைத்துவிடுகிறார். அதை ஈடுகட்டத்தானோ என்னவோ, மனசையும் கொஞ்சம் இளக்கமாகவே வைக்கிறார். மனைவி குட்டித் தூக்கம் போட்ட நேரம் பார்த்து, மருமகன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு இறங்கினான்.

படகோட்டி தன் படகைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு உங்க படகுலதான் எங்க மாமா வர்றார்."

"தெரியும் சார். அட்டவணைக்காரர்."

"அவரேதான். அவருக்கு எப்படியாவது ஒரு மீன் கிடைக்கணும். அவர் தூண்டில் போடுற லட்சணத்துக்குத் தானா எதுவும் மாட்டாது." மருமகன் குரலைத் தாழ்த்தினான். "யாரையாவது தண்ணிக்கடியில அனுப்பி, தூண்டில்ல ஒரு மீனை மாட்டிவிட முடியுமா? அவருக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்."

படகோட்டி சுரண்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ஆறு பத்துக்குத்தானே சார்?"

மருமகன் திடுக்கிட்டான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலையில நடக்கப் போற சாக்குல இங்க வந்து, எல்லாத்தையும் எழுதியே கொடுத்துட்டுப் போயிட்டாரே! என் மச்சான் நல்லா மூச்சடக்குவான். மீனோட பாறைக்குப் பின்னாடி தயாரா இருப்பான்."

மருமகன் இடுப்பில் கைவைத்துச் சிரித்தான். "அட மாமா! தன் தூண்டிலுக்குத் தானே மீன் ஏற்பாடு பண்ணிக்கிட்டாரா? இது தெரியாம நான் வேற இங்க வந்து உருகிக்கிட்டு நிக்கிறேன்!"

"அவர் தூண்டிலுக்கு இல்ல சார். பின்பக்கம், வலது ஓரம்."

சிரிப்பு பாதியில் நின்றது. "அது என் இடமாச்சே!"

"ஆமா சார். முதல்ல நான் முடியாதுன்னுட்டேன். இத்தனை வருஷத்துல இந்த மாதிரி பித்தலாட்டம் எல்லாம் பண்ணினதில்ல. 'என் பேத்தி முன்னாடி அவர் கையாலதான் மீன் வரணும்'னு கெஞ்சினாரு. அப்புறம் காரணத்தைச் சொன்னாரு பாருங்க, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. சரின்னுட்டேன்."

"அப்படி என்ன காரணம்?"

படகோட்டி அவன் முகத்தைப் பார்க்காமல் மறுபடியும் பாசியைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"உங்களுக்கு வேலை போயி மூணு மாசம் ஆகுதாமே சார்."