விடியக்கால ரேடியோ

இதை எனக்கு முதல்ல சொன்னது பூரணி. போன மாசம்தான், அறுபத்திரண்டாம் வருசம் மாசியில், கோயிலுக்குப் போய்விட்டுக் கந்தப்பளைப் பாதையில் சேர்ந்து இறங்கி வரும்போது சொன்னாள்.

தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருந்த அவர்கள் லயத்தில் ரேடியோ இருந்தது பூரணி வீட்டில் மட்டும்தான். கொழும்பில் கடை வேலை பார்த்த அண்ணன் வாங்கித் தந்தது.

விடியக்காலையில் கொழும்பு ரேடியோ தொடங்கியதும் அவள் அம்மா பேச்சியம்மா சத்தத்தைக் கூட்டிவிடுவாள். சாமி பாட்டு லயம் முழுக்க அதிரும்.

"முருகனுக்கே காது வலிக்கும்மா. கொஞ்சம் கொறைச்சு வையி."

"நீ போத்திக்கிட்டுப் படுடி."

பொழுது சாய்ந்து பூரணி சினிமாப் பாட்டுக்குத் திருகினால் மட்டும், ஒரு பாட்டு முடியுமுன்னே அம்மா பட்டென்று நிறுத்திவிடுவாள்.

"பேட்டரி தீந்துரும்."

"காலையில மட்டும் தீராதாக்கும்!" பூரணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

லயத்தில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். அதிகமாகக் கத்தியது சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்த அழகன். விடியுமுன் தப்படித்து ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, எழுப்புவது அவர் வேலை. மலை ஏற முடியாத வயதில் அவருக்கு மிஞ்சியிருந்த வேலை அது ஒன்றுதான்.

ஒருநாள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏ பேச்சி! ஆள எழுப்ப தொர என்னைய வச்சிருக்காரா, ஒன் ரேடியோவ வச்சிருக்காரா?"

"சாமி பாட்டுத்தானண்ணே..."

"கவருமெண்டு ரேடியோன்னா கவருமெண்டு கேக்கட்டும். மனுசன் தூங்க வேணாமா?"

மறுநாளும் அதே சத்தம்.

பூரணி பொறுக்க மாட்டாமல் எழுந்து போய் ரேடியோவை நிறுத்தினாள். பேச்சியம்மா பதறிப்போய் மகள் கையைத் தட்டிவிட்டு மறுபடி திருகினாள். சுவரில் காதை வைத்தாள்.

அந்தப் பக்கம் இருமல் கேட்டது. பிறகு திட்டு கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலில் தப்புச் சத்தம் கிளம்பியது. அப்புறம்தான் பேச்சியம்மா மூச்சு விட்டாள். ரேடியோவையும் நிறுத்தினாள்.

"என்னம்மா கூத்து இது?"

"மெதுவாப் பேசுடி. தெனம் அவர எழுப்பிவிட்டது அவரு பொஞ்சாதி. அவ செத்த பொறகு ஒருநா அசந்து தூங்கிட்டாரு. இன்னொருக்கா தூங்குனா பேர வெட்டிருவேன்னுட்டாரு கங்காணி. பேரு போனா குடியிருக்குற காம்பராவும் போயிரும். எங்கடி போவாரு?"

"கதவத் தட்டி எழுப்புனா என்ன?"

"லயத்தையே எழுப்புற மனுசன நான் போயி எழுப்பவா? வெக்கத்துல ஒடஞ்சு போயிருவாருடி."

அழகன் இன்னும் அங்கேதான் தப்படிக்கிறார். இன்னும் பேச்சியம்மாவைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார். நீங்கள் அந்தப் பக்கம் போனால், தயவுசெய்து அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.