தகப்பன் பெயர்

நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள்.

அவள் உட்காரவில்லை. காவல் நிலையத்தில் யாராவது தன்னை உட்காரச் சொல்வார்கள் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"உன்னத்தாம்மா. உக்காரு."

விளிம்பில் உட்கார்ந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஏட்டுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

மகள் பெயர் கோபிகா. வயது பதினேழு. நூல் மில்லில் வேலை, மில் விடுதியில் தங்கல். சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள் என்கிறார்கள் விடுதியில். இன்று புதன்கிழமை. வீட்டுக்கு வரவில்லை. போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண்குரல் சொல்கிறது.

வரும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். ஆனாலும் முன்பின்னாகத்தான் வந்தது.

ஏட்டு பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கும் பொண்ணு இருக்கும்மா. தேடிரலாம்."

நாலு நாளாக வராத அழுகை அப்போது வந்தது.

அவள் புருஷன் வீரணன் வேண்டாம் என்றுதான் சொன்னான். "அங்க போயி நாம என்னத்தக் கேக்க?" என்றான். அவள் கேட்கவில்லை. அவளைத் தனியே விடவும் அவனுக்கு மனம் வரவில்லை. கூடவே வந்து, சாலைக்கு அந்தப் பக்கம் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டான், நிலையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையின் பூட்டு உடைந்தது. மறுநாள் கூடைக்காரத் தெருவுக்கு ஜீப் வந்தது. ஊரில் எந்தப் பூட்டு உடைந்தாலும் அந்தத் தெருவுக்குத்தான் வரும். வீரணனைக் கூட்டிப் போனார்கள்.

பதினோரு நாள்.

திரும்பி வந்தபோது அவன் வலது கை விரல்கள் மடங்கவில்லை. அந்த விரல்களின் ரேகை மட்டும் நாலு காகிதங்களில் இருந்தது. அதற்கப்புறம் அவனால் மூங்கில் கீற முடியவில்லை.

அதனால்தான் கோபிகா மில்லுக்குப் போனாள்.

"தகப்பன் பேரு?"

"வீரணன்."

"எந்தத் தெரு?"

"கூடைக்காரத் தெருங்கய்யா."

பேனா நின்றது.

ஏட்டு முகத்தில் கோபம் இல்லை. கணினி முன்னால் இருந்த இளைஞனைப் பார்த்தார். அவன் எதையோ தட்டினான்.

"இருக்கான் சார். நாலு கேஸ்."

ஏட்டு கண்ணாடியைக் கழற்றினார். இன்ஸ்பெக்டர் அறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். போன வாரம் ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் வீட்டில் நகை போயிருந்தது. அது ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும்.

"அவன் இப்ப எங்கம்மா இருக்கான்?"

அவள் மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தாள்.

"பயப்படாத. நாளைக்குக் காலைல அவனையும் கூட்டிட்டு வா. ஐயா ரெண்டு வார்த்தை கேப்பாரு, அவ்வளவுதான். பொண்ணத் தேடணும்ல? தகப்பன் வந்து கையெழுத்துப் போட்டாத்தான புகார எடுக்க முடியும்."

அதே இதமான குரல். சற்று முன் அவளை அழவைத்த குரல்.

அவருக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் வீரணனின் முதுகு. ஏட்டு திரும்பினால் போதும்.

அவள் எழுந்தாள்.

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். அது அடிக்கவில்லை. காதில் வைத்துக்கொண்டாள்.

"ஆத்தா... கோபிகாவா?"

ஏட்டு நிமிர்ந்தார்.

"எங்கடி இருந்த இத்தன நாளா? ... சித்தி வீட்டுலயா? ... ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

இவ்வளவு போதும். போனை இறக்கியிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"சாப்பிட்டியா தாயி?"

காதில் ஒன்றும் கேட்கவில்லை.

"சரி. சாப்புடு மொதல்ல."

ஏட்டு சிரித்தார். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். எழுதிய தாளை இரண்டாகக் கிழித்துக் காலடிக் கூடையில் போட்டார்.

"நல்லதாப் போச்சு போ. பொம்பளப் புள்ளைய இப்படித் தனியா அனுப்பாதீங்கம்மா."

அவள் கும்பிட்டாள். படி இறங்கினாள். சாலையைக் கடந்தாள்.

"எழுதிக்கிட்டாகளா?" என்றான் வீரணன்.

"ம்."

"வையலையே?"

"இல்ல."

"தேடுவாகளாமா?"

"தேடுவாக."

இரண்டு வருடங்களில் முதல் முறையாக அவன் திரும்பி அந்தக் கட்டடத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நல்லவுகளும் இருக்கத்தான் செய்யிறாக," என்றான்.

ஊருக்குப் போகும் பேருந்து வந்தது. அவன் ஏறிக்கொண்டான். ஜன்னலோரம் அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தான்.

அவள் கீழேயே நின்றாள்.

"நீ போய்யா. நான் மில்லு வரைக்கும் போயிட்டு வாரேன்."

"எதுக்கு? அதான் அவுக தேடுறாகளே."

கண்டக்டர் விசில் கொடுத்தார்.