மெதுவா ஓடு மக்களே

கௌசல்யா ஓடவில்லை, நடந்தாள். ஓட்டம் தொடங்கும் வெடிச் சத்தம் கேட்டதும் மற்ற பெண்கள் பாய்ந்து போனார்கள். அவள் கோவில் பிரகாரம் சுற்றுகிறவளைப் போலக் கடைசியாக வந்து கோட்டைத் தாண்டினாள்.

கேலரியில் உட்கார்ந்திருந்த நயினார் தலையில் கைவைத்துக்கொண்டார். மனைவி முத்தாரம்மாள் சித்திரையில் போனதிலிருந்தே அவருக்கு உடம்பில் தெம்பில்லை. பகலெல்லாம் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் அரிசிக்கடைக் கணக்கு, வீட்டுக்கு வந்தால் உலையும் துணி துவைக்கிற கல்லும். இந்த ஒரு காரியம் மட்டும் நடந்துவிட்டால் நிம்மதியாகப் படுத்து உறங்கலாம் என்று நினைத்திருந்தார்.

மூளை வளர்ச்சி குறைந்தவர்களுக்கான உலக விளையாட்டுப் போட்டி அடுத்த வருஷம் அயர்லாந்தில் நடக்கிறது. இன்றைக்குத் திருவனந்தபுரத்தில் ஓடிப் பதக்கம் வாங்கினால், இருபத்திரண்டு வயதுக் கௌசல்யாவின் பெயரும் அதற்குப் போகும். “எப்பிடியாவது அவள பிளேன்ல ஏத்தி விட்டுருங்கோ” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி முத்தாரம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

“எல்லாம் போச்சு டீச்சர்” என்றார் நயினார்.

ஓட்டம் பழக்கிய சாவித்ரி டீச்சர், வலியசாலை அக்கிரகாரத்துக்காரி, கௌசல்யாவைக் கையோடு அழைத்துவந்தாள். “என்ன சார் இது, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி?” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஒண்ணும் போகலை. இது யாருக்கு என்ன வேகம்னு பார்க்கற ஓட்டம்தான். மெதுவா ஓடறவாளையெல்லாம் ஒண்ணாச் சேர்த்து மத்தியானம் தனியா ஓட விடுவா. அதுல ஜெயிச்சாலும் தங்கம் தங்கம்தான்.”

நயினாருக்கு மூச்சு வந்தது. கௌசல்யாதான் முகத்தைச் சுருக்கினாள்.

“மெதுவா ஓடினாலும் கூட்டிட்டுப் போவாவளா டீச்சர்?”

“பின்னே? போட்டியிலேர்ந்து வெளியே ஆக்கறது ஒரு மாதிரி ஆட்களைத்தான் மோளே. காலம்பற மெதுவா ஓடி ஏமாத்திட்டு, மத்தியானம் பறக்கறவாளை. அதனால நீ காலம்பற மாதிரியே போணும். வேணும்னா ஒரு பொடி வேகம் கூட்டி நடக்கலாம், அவ்வளவுதான். வேகமா ஓடினா? எங்கே, சொல்லு.”

“வேகமா ஓடினா வெளியே.”

“மிடுக்கி!” என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள் டீச்சர்.

மர நிழலில் எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டார்கள். இலையை மடித்ததும் கௌசல்யா பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, வெள்ளையில் ஒன்றைப் பிதுக்கி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். வெள்ளை மத்தியானத்துக்கு, ரோஸ் ராத்திரிக்கு, அம்மா பழக்கியது. நயினார் மைதானத்தையே பார்த்தபடி விழுங்கினார்.

சங்குமுகத்துப் பக்கம் இறங்குகிற விமானம் ஒன்று தாழ்வாக இரைந்துகொண்டு போனது.

“பாத்தியா மக்களே? இதுலதான் நீ போப்போறே” என்றார் நயினார் மகளிடம்.

“நீயும் வருவியா?”

“நான் எதுக்கு? டீச்சர் ஒன்ன நல்லாப் பாத்துக்கிடுவா. ஒரு கொறையும் வராது.”

கௌசல்யா மாத்திரை அட்டையைப் பைக்குள் வைத்து மூடினாள். நயினார் குனிந்து அவளுடைய ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டார். நிமிரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது.

மத்தியான ஓட்டத்துக்கு அவர் எல்லைக் கோட்டுக்கு அருகிலேயே போய் நின்றார். கூட்டத்தைப் பார்த்து மகள் டீச்சர் சொன்னதை மறந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டார். வெடி வெடித்தது.

அவர் கண்ணை அவராலேயே நம்ப முடியவில்லை. பின்னல் காற்றில் எழும்ப, பல்லைக் கடித்துக்கொண்டு கௌசல்யா வந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் எங்கோ பின்னால் கிடந்தார்கள்.

“மெதுவா! மெதுவா ஓடு மக்களே!” இரண்டு கையையும் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார். கைதட்டலில் அது யாருக்கும் கேட்டிருக்காது. அவள் அவரையே பார்த்துக்கொண்டு ஓடிவந்து, கோட்டைத் தாண்டி, அவர் நெஞ்சில் மோதி நின்றாள்.

நடுவர்களின் மேசைப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. சாவித்ரி டீச்சர் கண் கலங்கித் திரும்பி வந்தாள்.

“காலம்பற ஓடினதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்குமா இருக்காம். வெளியே ஆக்கிட்டா. கூட்டம் கைதட்டினதுல பொண்ணு மறந்து போயிட்டா, பாவம். திட்டாதேள் சார்.”

திட்டுவதற்கு அவரிடம் ஏது தெம்பு? போனவளிடம் இனி என்ன பதில் சொல்வது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்து கேலரி காலியானது. கிழக்கேகோட்டைக்கு பஸ் பிடிக்க வேண்டும், எழுந்திருக்கத்தான் முடியவில்லை. மகளின் ஷூவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“டீச்சர் சொன்னத மறந்துட்டியா மக்களே?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள். “மறக்கல்ல. வேகமா ஓடினா வெளியே.”

“பின்னே ஏன் ஓடினே?”

கௌசல்யா மாத்திரை அட்டையை எடுத்து, ராத்திரிக்கு ரோஸ் மிச்சம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

“நான் பிளேன்ல போயிட்டா, ஒனக்கு இத ஆருப்பா எடுத்துத் தருவா?”